பிரித்துக் கட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முதலில் ஏன் உதைக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் காபிக்கு ஒதுங்குவோம். எல்லோரும் தமிழ்க்காரர்கள். எல்லோரிடமும் கார் உண்டு, காரைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. என் காரின் கியர்பாக்ஸை இறக்கப் போகிறார்கள் என்று சொன்னதுதான் தாமதம், இரண்டு கட்சி உருவாகிவிட்டது. “ஒரு தடவை பிரிச்சா போச்சு, பழைய இதம் திரும்பவே வராது. பேசாம வித்துடுங்க” என்றது ஒரு கட்சி. “பிரிச்சுக் கட்டினா ஷோரூம்ல எடுத்த அன்னைக்கு மாதிரி வெண்ணெயாட்டம் போகும்” என்றது இன்னொன்று.

வேலை முடிந்து கார் வந்த முதல் வாரம், முதல் கட்சி சொன்னதுதான் சரி என்று பட்டது. இரண்டாவது மாதம் இரண்டாம் கட்சி ஜெயித்தது போல இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் பட்டறையில் நிறைய நேரம் நின்றேன். இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் தப்பு செய்கின்றன: இதம் என்பது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பாகத்தின் குணம், பாகம் புதுசானால் அதுவும் புதுசாகும், பாகத்தைத் தொட்டால் அது கெடும் என்று நினைக்கின்றன. கியர்பாக்ஸில் இதம் என்பது பெரும்பாலும் நேரக்கணக்கு. எது, எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்கிறது என்ற கணக்கு. இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுச் சமையலறையே போதும்.

எந்த ஆட்டோமேட்டிக்?

இடது காலுக்கு வேலை இல்லாத எல்லாக் காரையும் நாம் ‘ஆட்டோமேட்டிக்’ என்றே சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு விதமான பெட்டிகள் இருக்கின்றன.

2014-இல் மாருதி செலேரியோவோடு இங்கே பரவிய ஏஎம்டி என்பது உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் நம் கால், கைக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை. கியர் மாறும் கணத்தில் இன்ஜினின் இழுவை அறுந்து மறுபடி சேர்கிறது, அதனால் நம் தலை முன்னால் போய்ப் பின்னால் வருகிறது. அது அந்த வகையின் பிறவிக் குணம். கிளட்ச் தட்டை மாற்றினால் தேய்மானத்தால் வந்த உதறல் போகும், பிறவிக் குணம் போகாது. சிவிடியில் கியர் படிகளே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஒன்று ஏறி இறங்கும். டிசிடியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒரு கிளட்ச்.

நான் பேசப் போவது நாலாவதைப் பற்றி, ‘டார்க் கன்வெர்ட்டர்’ வைத்த ஆட்டோமேட்டிக். ஃபார்ச்சூனர் மாதிரி பெரிய டீசல் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். ‘பிரித்துக் கட்டுவது’ என்ற பேச்சு முழு அர்த்தத்தோடு பொருந்துவதும் இதற்குத்தான். பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, முழுக்கப் பிரித்து, கழுவி, தேய்ந்த தட்டுகளையும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களையும் மாற்றி, அளந்து திரும்பப் பூட்டுவதே அந்த வேலை. பட்டறையில் இதற்கு ‘ஓவர்ஹால்’ என்று பெயர்.

அண்டாவும் இரண்டு கரண்டியும்

கல்யாண வீட்டில் அண்டா நிறையப் பாயசம் கிளறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கரண்டியை வேகமாகச் சுழற்றினால், ஓரத்தில் சும்மா கிடக்கும் இன்னொரு கரண்டியும் பாயசத்தோடு சேர்ந்து சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் பாயசம்தான் சுழற்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

டார்க் கன்வெர்ட்டர் அப்படித்தான் வேலை செய்கிறது. பூசணிக்காய் போன்ற ஓர் எஃகுக் கூடு, உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள், நடுவில் ஆயில். ஒரு விசிறி இன்ஜினோடு சுற்றும். அது கிளப்பும் ஆயில் மற்ற விசிறியைச் சுற்றும், அந்த விசிறி கியர்பாக்ஸோடு இணைந்தது. நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன விசிறியும் உண்டு, அதை இப்போதைக்கு விடுவோம். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது இன்ஜின் நின்றுபோகாததற்குக் காரணம், முதல் கரண்டி சுற்றிக்கொண்டே இருக்க இரண்டாவதைக் கையால் பிடித்து நிறுத்த முடிகிறது என்பதுதான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்காக யோசித்த விஷயம் இது. இன்றைக்கு நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் நம்மைக் காப்பாற்றுகிறது.

ஆயில் வழியாகப் போகும் இழுவையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும், வழுக்கல் என்றால் வீணாகும் டீசல். அதனால் வேகம் பிடித்ததும் இரண்டு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவிட உள்ளேயே ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள், அதற்கு ‘லாக்கப்’ என்று பெயர். பின்னால் இது திரும்ப வரும்.

கிரைண்டருக்குள் ஒரு கியர்பாக்ஸ்

அடுத்தது கியர்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுற்றுவது பாத்திரத்தை மட்டும். கற்கள் இருக்கும் சட்டத்தை மேலே பூட்டிவிடுகிறோம், அதனால் கற்கள் இருந்த இடத்திலேயே தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டு மாவை அரைக்கின்றன. பூட்டை மறந்துவிட்டால் என்ன ஆகும்? சட்டமும் கல்லும் பாத்திரத்தோடு சேர்ந்து ஊர்வலம் போகும், உளுந்து அப்படியே இருக்கும். மோட்டாரின் வேகம் மாறவில்லை, கற்களின் எண்ணிக்கை மாறவில்லை. எதைப் பிடித்து நிறுத்தினோம் என்பது மட்டும் மாறியது, வேலையே மாறிவிட்டது.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இருக்கும் ‘பிளானட்டரி கியர்’ இதே தந்திரம்தான். நடுவில் சூரியனாக ஒரு பல்சக்கரம், சுற்றிலும் கோள்களாக மூன்று நாலு சக்கரங்கள், அவற்றை வெளியிலிருந்து அணைத்த ஒரு வளையம். இன்ஜினின் சுழற்சியை ஒன்றில் கொடுத்து, இன்னொன்றைப் பிடித்து நிறுத்தினால் மூன்றாவதிலிருந்து ஒரு வேகம் வெளியே வரும். வேறொன்றைப் பிடித்தால் வேறு வேகம். எதையும் நிறுத்தாமல் இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். இப்படிப்பட்ட இரண்டு மூன்று தொகுதிகளை வைத்து 6 கியர், 8 கியர் என்று எடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேனுவல் வண்டியில் கியர் மாற ஒரு பல் வளையம் நகர்ந்து போய்க் கோத்துக்கொள்ளும், இங்கே அப்படி எதுவும் நகர்வதில்லை. எல்லாப் பற்களும் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கின்றன. ஆகவே ‘கியர் மாறும்போது உதைக்குது’ என்றால் உதைப்பது பல்சக்கரம் கிடையாது, அதைப் பிடிக்கும் கை. ‘பல்லு தேஞ்சிருக்கும்’ என்று யாராவது கைகாட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

இதுவரை பார்த்தது: இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆயில் இருக்கிறது. பெட்டிக்குள் பற்கள் எப்போதும் கோத்தே இருக்கின்றன. எதைப் பிடிக்கிறோம், எதை விடுகிறோம் என்பதே கியர் மாற்றம்.

கை மாறும் குடம்

பிடிக்கும் கைக்குப் பெயர் ‘கிளட்ச் பேக்’. ஒரு டப்பாவுக்குள் வட்டத் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஒன்று வெறும் எஃகு, அடுத்தது ‘லைனிங்’ எனப்படும் காகிதம் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டியது, மறுபடி எஃகு. தளர்வாக இருக்கும்போது அவை தனித்தனியாகச் சுற்றும். பின்னாலிருந்து ஒரு பிஸ்டன் அழுத்தினால் ஒன்றோடொன்று நெருங்கி, உரசி, கடைசியில் ஒரே கட்டியாகிவிடும்.

பிஸ்டனைத் தள்ளுவது ஆயில் அழுத்தம். அந்த ஆயிலை எங்கே அனுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ‘வால்வ் பாடி’. ஓர் அலுமினியக் கட்டியில் குடைந்த வாய்க்கால்களும் வால்வுகளும் சேர்ந்தது அது. வயலில் ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறந்து தண்ணீர் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். மண்வெட்டி வேலையைச் செய்பவை மின்சாரத்தில் இயங்கும் ‘சோலனாய்டுகள்’, அவற்றுக்கு உத்தரவு போடுவது கியர்பாக்ஸுக்கென்று இருக்கும் ஒரு சின்னக் கணினி.

இப்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிறோம். இரண்டாவதைப் பிடித்திருந்த கிளட்ச் விட வேண்டும், மூன்றாவதுக்கான கிளட்ச் பிடிக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த குடத்தை ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது என்ன நடக்கிறதோ அதே கதைதான். வாங்குபவர் பிடிப்பதற்கு முன்பே கொடுப்பவர் விட்டுவிட்டால் குடம் சரியும். வண்டியில் அதுதான் இன்ஜின் திடீரென்று சீறி, ஆர்பிஎம் முள் எகிறி, வேகம் மட்டும் ஏறாமல் நிற்பது. வாங்குபவர் பிடித்த பிறகும் கொடுப்பவர் விடாமல் இருந்தால் இழுபறி, தண்ணீர் தளும்பி இருவர் மேலும் கொட்டும். வண்டியில் அது முதுகில் விழும் உதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. மொத்தக் கைமாற்றமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல். பிஸ்டன் நகர்ந்து தட்டுகளைத் தொடுவதற்கே கொஞ்சம் ஆயில் தேவை. ஊரில் அடிபம்பு அடித்தவர்களுக்குத் தெரியும், முதல் நாலு அடிக்குத் தண்ணீர் வராது, குழாய் நிறைந்த பிறகுதான் வரும். கணினி இந்த ‘நாலு அடி’யை முன்கூட்டியே அடித்து வைக்கிறது. தட்டுகளுக்கு இடையில் இருக்கும் தளர்வைப் பொறுத்து அது நாலா, ஆறா என்பது மாறும். இந்தத் தளர்வுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். ஆங்கிலத்தில் சொல்வதையே பட்டறையிலும் ‘கிளியரன்ஸ்’ என்பார்கள்.

இதத்துக்கு விலை உண்டு

ஒரு கிளட்ச் பேக் மெதுவாக, நீண்ட நேரம் உரசிப் பிடித்தால் நமக்கு எதுவும் தெரியாது, வெண்ணெய்தான். ஆனால் அந்த உரசல் முழுக்கச் சூடு, சூடு என்றால் தேய்மானம். சட்டென்று பிடித்தால் தேய்மானம் குறைவு, உதை தெரியும். எந்தக் கம்பெனியும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் பேரம் பேசி முடித்துத்தான் வண்டியை வெளியே விடுகிறது.

பேரத்தை ஒரே பக்கமாக முடித்தவர்களும் உண்டு. 1948-இல் அமெரிக்காவில் ப்யூக் நிறுவனம் ‘டைனாஃப்ளோ’ என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண ஓட்டத்தில் அது கியரே மாற்றாது, எல்லா வேலையையும் டார்க் கன்வெர்ட்டர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். உதைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்கு வண்டி கிளம்ப மந்தம், பெட்ரோலும் கூடுதல். ‘வழவழா பெட்டி’ என்கிற அர்த்தத்தில் அங்கே கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் என் வண்டி. பட்டறைக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்பு அதன் கியர் மாற்றம் அற்புதமாக இருந்தது, எப்போது மாறியது என்றே தெரியாது. மைத்துனனிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அது நோய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தட்டுகளின் லைனிங் தேய்ந்து, சீல்கள் கசிந்து, ஒவ்வொரு கியரும் வழுக்கி வழுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. “மேம்பாலம் ஏறும்போது வண்டி கத்துது, ஆனா போகலையே” என்றாள். அதுதான் சரிந்த குடம்.

ஆகவே பிரித்துக் கட்டிய பிறகு ‘முன்ன மாதிரி இதமா இல்ல’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுவது புது வண்டியோடு கிடையாது. சாகக் கிடந்த பெட்டியின் வழுக்கலோடு ஒப்பிடுகிறார்கள்.

மேசை மேல் கியர்பாக்ஸ்

வில்சன் கார்டன் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறை அது. கட்டியவர் தருமபுரிக்காரர், என்னைவிட இளையவர். மேசையில் கன்னடப் பேப்பரை விரித்து, பெட்டியின் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வைத்திருந்தார். பழைய உராய்வுத் தட்டுகளின் ஓரம் கரிந்து கறுத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் லைனிங் பொரி மாதிரி உதிர்ந்தது. எஃகுத் தட்டுகளில் ஆங்காங்கே நீலம் பாரித்த வட்டங்கள், சூடு வாங்கிய இடங்கள். வடித்த ஆயிலை ஒரு டப்பாவில் காட்டினார். புதிதில் தெளிந்த சிவப்பாக இருப்பது காபி டிகாக்‌ஷன் ஆகியிருந்தது, அடிப்பிடித்த வாசனை வேறு.

புதுத் தட்டுகளைப் பிரித்ததும் பூட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு ட்ரேயில் ஆயிலை ஊற்றி அதில் முக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். “ஊறணும்ணா, உளுந்து மாதிரி” என்றார். காய்ந்த தட்டைப் பூட்டி வண்டியைக் கிளப்பினால் முதல் உரசலிலேயே மேற்பரப்பு கருகிவிடும்.

திரும்பி வந்து தட்டுகளை அடுக்கி, மேலே பூட்டு வளையத்தைப் போட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் இலைகளை ஒவ்வொன்றாக நுழைத்துத் தளர்வை அளந்தார். உராய்வுத் தட்டு ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது பல பட்டறைகளின் பொதுவான கைக்கணக்கு. சரியான எண் அந்தந்தப் பெட்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு பேக்கில் அளவு கூடுதலாக வந்தது. பூட்டு வளையத்தை மாற்றி, சற்றுத் தடித்த ஒன்றைப் போட்டு மறுபடி அளந்தார். இதற்காகவே பல தடிமன்களில் வளையம் கிடைக்கிறது. எனக்கு முடி அளவு வித்தியாசமாகத் தெரிந்ததற்காக அவர் அரை மணி நேரம் செலவழித்தார். பிரித்துக் கட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று இதமாகவும் இன்னொன்று முரடாகவும் வருவதற்கு இந்த அரை மணி நேரம் ஒரு முக்கியக் காரணம். தட்டும் சீலும் அடங்கிய கிட் வாங்கிப் போட்டால் போதும் என்று அளக்காமல் பூட்டுபவர்கள் உண்டு.

அப்புறம் காற்றுக் குழாயை எடுத்து, ஆயில் போகும் ஓட்டையில் வைத்து அழுத்தினார். ‘டொப்’ என்று பிஸ்டன் நகர்ந்த சத்தம். இன்னொன்றில் ‘ஸ்ஸ்ஸ்’. சீல் மடங்கியிருக்கிறது என்று சொல்லி அந்த கிளட்ச் பேக்கை மறுபடி பிரித்தார். நான் பார்க்காத நேரத்தில் இது நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அடுத்த மாதம் வண்டிதான் சொல்லியிருக்கும்.

ஆயிலை எங்கே அனுப்புவது என்று பார்த்துக்கொள்வது வால்வ் பாடி என்று முன்னே சொன்னேன் அல்லவா, பணத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்படும்போது முதலில் விடுபடுவதும் அதுதான். ஆண்டுக்கணக்கில் வால்வு முன்னும் பின்னும் ஓடி அலுமினிய ஓட்டை அகன்றுவிடும். மடை ஓரத்தில் நண்டு வளை இருந்தால் எவ்வளவு சரியாக அடைத்தாலும் தண்ணீர் கசியும், அதே நிலைமை. புதுத் தட்டு, புது சீல், பழைய கசியும் வால்வ் பாடி என்ற கூட்டணியில் வண்டி நன்றாக இழுக்கும், ஆனால் கியர் மாற்றம் தாறுமாறாக இருக்கும். ‘பிரிச்சுக் கட்டியும் ஜெர்க் போகல’ என்று நான் கேள்விப்பட்ட பல கதைகளில், வால்வ் பாடியைக் கழுவி அப்படியே திரும்ப வைத்திருந்தார்கள். டார்க் கன்வெர்ட்டரும் அப்படித்தான். அது பற்றவைத்து மூடிய கூடு, சும்மா கழுவினால் உள்ளே இருக்கும் துகள் போகாது. லேத்தில் அறுத்து, லாக்கப் லைனிங்கை மாற்றி, மறுபடி பற்றவைக்க வேண்டும். ஆயில் கூலரையும் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய குப்பை புது வாய்க்காலில் வந்து சேரும்.

பெட்டியின் ஞாபகம்

வண்டி வெளியே வந்த அன்று, முன்னால் போவதற்கான ‘டி’யில் போட்டதும் பின்னாலிருந்து யாரோ இடித்தது போல ஒரு தட்டு. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஓர் உதை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. தருமபுரிக்காரர் சிரித்தார். “தட்டு புதுசுண்ணா. ஆனா பொட்டிக்கு இன்னும் அது தெரியாது.”

அவர் சொன்னதன் அர்த்தம் இது. கியர்பாக்ஸின் கணினி குருட்டுத்தனமாக உத்தரவு போடுவதில்லை. பெட்டிக்குள் நுழையும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் சென்சார் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கைமாற்றத்துக்கு நேரம் கூடினால், அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் ஆயில் அனுப்புகிறது. சட்டென்று பிடித்தால் குறைத்துக்கொள்கிறது. இந்தப் பழகிக்கொள்ளுதலுக்கு ‘அடாப்டேஷன்’ என்று பெயர். தட்டு தேயத் தேய இது ஈடுகட்டிக்கொண்டே வரும். அதனால்தான் நல்ல பெட்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஒரே மாதிரி இருப்பதாக நமக்குப் படுகிறது.

இப்போது யோசியுங்கள். தேய்ந்த தட்டுகளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய கணினி, ஒரு கியருக்கு ஆறு அடி அடித்தால்தான் குழாய் நிறையும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இன்றைக்கு உள்ளே இருப்பது நெருக்கமாக அளந்து பூட்டிய புதுத் தட்டு, கசியாத புது சீல். நாலு அடியிலேயே நிறைந்துவிடும். மிச்சம் இரண்டு அடி எங்கே போகும்? என் முதுகுக்கு வந்தது.

முதல் வேலையாக வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டி பழைய ஞாபகத்தை அழிக்க வேண்டும். அந்த உதைக்குப் பிறகு என் வண்டியிலும் அதை அழித்தார், ஆனால் அழித்ததும் கணினி போய் உட்காருவது தொழிற்சாலை போட்டுத்தந்த சராசரிக் கணக்கில். அந்தச் சராசரியும் என் பெட்டிக்கு அச்சாகப் பொருந்தாது. புதுத் தட்டின் மேற்பரப்பும் இன்னும் சமப்படவில்லை, முதல் சில நூறு கியர் மாற்றங்களில் அதன் பிடி கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டாவது வேலை, அதற்கு ஓட்டிக் காட்டுவது. சில டொயோட்டா பெட்டிகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பெட்டியின் சொந்தக் குணத்தைச் சொல்லும் எண் வரிசையை ஸ்கேனர் வழியாகக் கணினிக்குள் எழுத வேண்டும். பெட்டியோ வால்வ் பாடியோ மாறும்போது இதை எழுதாமல் விட்டால் உதைப்பு எளிதில் அடங்காது.

ஓட்டிக் காட்டுவது என்றால் பெங்களூரு போக்குவரத்தில் ஓட்டுவது இல்லை. ஒன்று, இரண்டு, ஒன்று, நிறுத்து என்று ரிங் ரோட்டில் ஊர்ந்தால் அது மேல் கியர்களைக் கற்றுக்கொள்ளவே வழியில்லை. ஆயில் சூடாக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் மெதுவாக மிதித்து எல்லாக் கியரும் வரிசையாக ஏற வேண்டும், பிறகு காலை எடுத்து, தானாகவே இறங்க விட வேண்டும். ஞாயிறு விடியற்காலை அஞ்சரை மணிக்குக் கிளம்பி, எலக்ட்ரானிக் சிட்டியின் காலியான உள்சாலைகளில் இதைப் பதினைந்து இருபது முறை செய்தேன். ஒரு செக்யூரிட்டிக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் வழியாகத் திரும்பும்போது மூன்றுக்கு மேற்பட்ட கியர்கள் எல்லாம் அடங்கியிருந்தன. இரண்டிலிருந்து மூன்று மட்டும் இன்னும் முணுமுணுத்தது.

சுருக்கமாக: புதுத் தட்டும் சீலும் தளர்வையும் கசிவையும் குறைக்கின்றன. கணினியின் பழைய கணக்கு இதற்குப் பொருந்தாது. அதை அழித்து மறுபடி கற்றுக்கொடுக்கும் வரை உதைப்பு இருக்கும்.

பீரோ இழுக்கும் சத்தம்

உதை வேறு, நடுக்கம் வேறு. ஒரே சீரான வேகத்தில் போகும்போது, கரடுமுரடான ரோட்டில் போவது போல ஒரு நொடி ‘டர்ர்ர்’ என்று வந்துபோனால் அது பெரும்பாலும் லாக்கப் கிளட்ச் அல்லது ஆயில் சம்பந்தப்பட்டது. மொசைக் தரையில் இரும்புப் பீரோவை இழுத்திருக்கிறீர்களா? வழுக்கும், நிற்கும், வழுக்கும், நிற்கும். கால்களுக்கு அடியில் ஈரச்சாக்கு போட்டால் அமைதியாக வரும்.

ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் ஆயிலில் இந்த ஈரச்சாக்கு வேலையைச் செய்யும் ரசாயனங்களைக் கலந்திருக்கிறார்கள். தட்டு உரச ஆரம்பிக்கும்போது பிடி இருக்க வேண்டும், நிற்கப்போகும் கடைசித் தருணத்தில் பிடி எகிறிவிடக் கூடாது. அந்த அளவு பெட்டிக்குப் பெட்டி வேறு. அதனால்தான் ‘எல்லா வண்டிக்கும் இது போதும் சார்’ என்று உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜேசி ரோட்டில் கிடைக்கும் பொது ஆயிலைப் பார்த்தால் நான் பின்வாங்குகிறேன். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பெட்டியில் தப்பான ஆயிலை ஊற்றினால் எல்லா வேலையும் வீண். அளவும் முக்கியம். பல பெட்டிகளில் ஆயில் மட்டத்தை இன்ஜின் ஓடும்போது, சுமார் 40 டிகிரி சூட்டில்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்த்து நிரப்பினால் கணக்கு தப்பும்.

‘ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லி விற்கப்பட்ட வண்டிகள் நிறைய. பல கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளுக்கு என்று விற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பெட்டி மேல் பழி

கடைசியாக, கியர்பாக்ஸை இறக்கியும் தீராத உதைப்புகள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் ‘டி’ போடும்போது இன்ஜினே எழுந்து உட்காரும், நமக்குக் கியர் உதைத்தது போலத்தான் இருக்கும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாவிட்டால் வரும் திக்கலும் லாக்கப் நடுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் தேய்ந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ‘டக்’. என் காபிக் கூட்டத்தில் ஒருவர் பெட்டியை இறக்கச் சொல்லிக் கொட்டேஷன் வரை வாங்கிவிட்டார். கடைசியில் மாற்றியது ஒரு மவுண்ட்.

என் வண்டி கதைக்கு வருகிறேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி பட்டறைக்குப் போனேன். காலையில் கிளம்பியதும் முதல் இரண்டு தடவை மட்டும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்னத் தட்டு இருக்கிறது என்றேன்.

“ஆயில் சூடான அப்புறமும் இருக்காண்ணா?”

“இல்லை.”

“முள்ளு எகிறுதா?”

“இல்லை.”

ஸ்கேனரை மாட்டி ஏதோ எண்களைப் பார்த்தார். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லி ஒயரைச் சுருட்டினார். பார்த்ததற்குப் பணம் வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.